ஐந்தாவது தகரம்

கினந்திக்குக் காய்ச்சல் தொடங்கிய நான்காம் நாள் காலையில், அவளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டதாக அவள் அம்மா எர்னி போனில் சொன்னாள். டெங்கு. ரத்தத்தில் தட்டணுக்கள் எண்பதாயிரத்துக்கு இறங்கிவிட்டனவாம். ஏழு வயதுக் குழந்தை. செய்தி வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, சுரபாயாவில் எங்கள் சந்து முழுக்க ஒரே கேள்வி ஓடியது. கொசு யார் வீட்டில் பிறந்தது?

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் இபு லிலிக். பெரியவர்களில் பெண்களை 'இபு' என்றும் ஆண்களை 'பாக்' என்றும் மரியாதையாகக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். எங்கள் இருபத்தெட்டு வீடுகளுக்கும் கொசுப்புழு பார்ப்பவர் அவர்தான். வெள்ளிக்கிழமை காலை தவறாமல் டார்ச் விளக்கோடு வந்துவிடுவார். குளியல் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, பறவைக் கூண்டுக் கிண்ணம் என்று ஒன்றையும் விடமாட்டார். பார்த்துவிட்டு வாசலில் தொங்கும் அட்டையில் 'இல்லை' அல்லது 'உண்டு' என்று எழுதுவார். 'உண்டு' என்று எழுதப்பட்ட வீட்டுக்காரர் ஒரு வாரம் தலைகுனிந்துதான் நடக்க வேண்டும்.

"தொட்டி தேய்ச்சீங்களா, இல்ல தண்ணிக்கு மேல கையை ஆட்டிட்டு வந்துட்டீங்களா?" என்பார். அவரிடம் பொய் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. அவர் வீட்டுக்கு நேர் எதிரே ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள் நான். பதினெட்டு வருடமாக அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிராம்பு சிகரெட் தொழிற்சாலையில் இருபது வருடம் சிகரெட் சுற்றிய விரல்கள் அவருடையவை. வேலையை விட்ட பிறகு அந்த விரல்களுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. பெயிண்டர்கள் மிச்சம் விட்டுப்போன சுவர்ப்பூச்சை வாங்கி, காலி பெயிண்ட் தகரங்களில் படம் வரைய ஆரம்பித்தார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் வரையும் கொக்குகளுக்குக் கழுத்து எப்போதும் ஒரு சாண் கூடுதல். தும்பிகளுக்குச் சிரித்த முகம். அந்தத் தகரங்களில் இஞ்சி, மிளகாய், வெற்றிலை என்று நட்டு வீட்டுக்கு வீடு கொடுத்தார். வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வர வேண்டிய அளவுக்கு ஒடுங்கிய சந்து எங்களுடையது. அதன் இரண்டு பக்கமும் அவருடைய தகரங்கள்தான்.

இன்னொன்றும் உண்டு. எந்தச் சின்ன நல்லது நடந்தாலும் மஞ்சள் சோறு ஆக்கி அக்கம்பக்கத்தைக் கூப்பிடுவார். மிளகாய்ச் செடி முதல் காய் விட்டால் மஞ்சள் சோறு. யாராவது கையில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்துவந்தால் மஞ்சள் சோறு. ஒரு தடவை பாக் காஸ்னோவின் பாடும் பறவை இறகு உதிர்த்து முடித்து மறுபடி வாயைத் திறந்ததற்கு ஆக்கினார். பாக் காஸ்னோ துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர், வாய் சும்மா இருக்காது. "எனக்கு அறுபது வயசானப்ப யாரும் ஒரு பருக்கை போடல, பறவை கத்தினதுக்கு விருந்து" என்று சொல்லிக்கொண்டே மூன்று தட்டு சாப்பிட்டார்.

கினந்தி குர்ஆன் எழுத்துப் பாடத்தின் ஆறு புத்தகங்களையும் முடிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும், அதற்காக ஆறு தகரம் வரையத் தொடங்கினார் இபு லிலிக். வீட்டுப் பக்கவாட்டில் கூரைத் தாழ்வாரத்தின் கீழே ஒரு குறுகிய இடம். பள்ளி விட்டதும் கினந்தி ஒரு பிளாஸ்டிக் முக்காலியோடு அங்கே வந்துவிடுவாள். "இது கொக்கா பாம்பா?" என்று கேட்டு அவரைச் சிரிக்க வைப்பாள். நான் தைத்துக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

இதெல்லாம் காய்ச்சலுக்கு முந்தைய இரண்டு வாரம்.

அன்று மதியம் சந்து நெருப்பில் நின்றது. சுகாதார நிலையத்திலிருந்து மறுநாள் காலை ஆட்கள் வந்து வீடு வீடாகப் பார்ப்பார்கள் என்று தகவல். எல்லோரும் தொட்டியைக் கவிழ்த்தார்கள். யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. மாலை மழை பிடித்தது. இபு லிலிக்கும் தன் வீட்டை மறுபடி ஒரு முறை பார்த்துவிடலாம் என்று டார்ச்சோடு பக்கவாட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்தது பின்னால் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான்கு தகரம் முடிந்து, அடியில் ஓட்டை போட்டு, வரிசையாக இருந்தன. ஆறாவது மூடியோடு இருந்தது. ஐந்தாவதற்கு வெள்ளை பூசி, உலரட்டும் என்று சுவரோரம் தள்ளி வைத்திருந்தார். ஓட்டை போடவில்லை. அதற்கு மேலே கூரை சொட்டியது. அரைத் தகரம் தெளிந்த தண்ணீர். விளக்கை அடித்ததும் மேலே மிதந்த புழுக்கள் நூற்றுக்கணக்கில் நெளிந்து கீழே ஓடின.

அவர் கணவர் பாக் சுகெங் சத்தம் கேட்டு வந்தார். எட்டிப் பார்த்தார்.

"கொட்டு" என்றார்.

"பாக், கினந்தி இங்கதான உட்காருவா."

"கொட்டுன்னு சொல்றேன்ல. கொட்டிட்டுத் தேய். உன்னோட கொசுதான் கடிச்சுதுன்னு யார் பார்த்தா? வாயை மூடிக்கிட்டு இரு."

இபு லிலிக் கொட்டினார். சாக்கடையில் கொட்டி, மழையில் நின்று சாம்பல் போட்டுத் தேய்த்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இந்த மனுஷிக்கு மழையில் என்ன வேலை என்று நினைத்தேனே தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை இரண்டு பெண்கள் சுகாதார நிலையத்திலிருந்து வந்தார்கள். இபு லிலிக் வீட்டில் ஒன்றும் இல்லை. "எல்லா வீடும் இப்படி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல, இபு" என்றாள் ஒருத்தி. இபு லிலிக் தலையை ஆட்டினார். முகத்தில் ரத்தமே இல்லை. தூக்கம் இல்லாததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

பாக் காஸ்னோ வீட்டில், உயரத் தொங்கிய கூண்டின் குளியல் கிண்ணத்தில், மூன்று புழு கிடைத்தது.

மூன்றே மூன்று. போதுமானதாக இருந்தது. அவர்கள் சந்து முனையைத் தாண்டுவதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. அந்த நேரம் பார்த்து மாற்றுத்துணி எடுக்க வந்தான் எர்னியின் கணவன் ஹாடி. இரண்டு நாளாகக் குளிக்காத முகம். தட்டணு முப்பத்துநாலாயிரம், மூக்கில் ரத்தம் வந்தது என்று யாரோ கேட்டதற்குச் சொன்னான். பதிலுக்கு யாரோ பறவைக் கூண்டைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள்.

ஹாடி நேராகப் பாக் காஸ்னோ வீட்டு வாசலுக்குப் போனான். கையை உயர்த்திக் கூண்டைக் கொக்கியிலிருந்து எடுத்தான்.

"உங்க பறவை குளிக்கணும். அதுக்கு என் பொண்ணு சாகணுமா?"

"ஹாடி, கீழ வை. நான் தினமும் தண்ணி மாத்தறவன்."

"மாத்தினா புழு எங்கிருந்து வந்துச்சு? வானத்துல இருந்தா?"

ஓயாமல் வாயடிக்கும் பாக் காஸ்னோ நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூண்டுக்குள் பறவை மோதிக்கொண்டிருந்தது. ஹாடி கூண்டைத் தலைக்கு மேல் தூக்கினான். பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். ஒருவரும் நகரவில்லை. உடைக்கட்டும் என்றுகூடச் சிலர் நினைத்திருப்பார்கள்.

"அங்க இல்ல, ஹாடி. என் வீட்ல."

இபு லிலிக் தன் வாசலிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் அவர் வீட்டு அட்டை. அந்த வாரக் கட்டத்தில் தன் கையாலேயே 'உண்டு' என்று எழுதியிருந்தார்.

"நான் வரையற தகரத்துல இருந்துச்சு. நேத்து சாயங்காலம் பார்த்தேன். கொட்டிட்டேன்."

"எத்தன?" என்றான் ஹாடி.

"எண்ண முடியாது. அடி கருப்பா இருந்துச்சு."

"இப்ப வந்துட்டுப் போனாங்களே. அவங்ககிட்ட ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு." அதோடு நிறுத்தவில்லை. "ஒரு நாள் கினந்தி காலைத் தட்டிக்கிட்டே, கடிக்குது இபுன்னு சொன்னா. எறும்பா இருக்கும்னு சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கல. கையில தூரிகை இருந்துச்சு."

ஹாடி கூண்டை மெதுவாகத் தரையில் வைத்தான். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தோம். கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவன் வீட்டுக்குள் போய்த் துணிப்பையை எடுத்துக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு, அவரைத் தாண்டிப் போனான். சந்து அவ்வளவு ஒடுக்கம், வண்டிக் கைப்பிடி அவர் உடுப்பை உரசியது. அப்போதும் அவர் நகரவில்லை, அவன் பார்க்கவில்லை.

மாலைக்குள் சந்துத் தலைவர் வந்து, புழு பார்க்கும் பொறுப்பையும் எழுதாத அட்டைக் கட்டையும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். "இப்போதைக்கு மட்டும், இபு" என்றார். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொருவராகத் தங்கள் வாசலில் இருந்த தகரங்களைக் கொண்டுபோய் அவர் வீட்டு முன்னால் வைத்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் எண்ணினேன், பதினொன்று. பன்னிரண்டாவது என்னுடையது.

பாக் சுகெங் அவற்றைப் பார்த்துவிட்டு, "போதுமா? இதுக்குத்தான ஆசைப்பட்ட?" என்று கேட்டது எதிர்வீடு வரை கேட்டது. இபு லிலிக் செடிகளை வேரோடு எடுத்துச் சந்து முனையில் இருந்த வெற்று மண்ணில் நட்டார். தகரங்களைக் கால்களால் மிதித்து நசுக்கினார். கொக்கு, தும்பி எல்லாம் நசுங்கின.

தட்டணு இருபத்தோராயிரம். மறுநாள் பத்தொன்பது. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று கேட்டு நாங்கள் மூச்சு விட்டபோது, இனிமேல்தான் ஆபத்து என்று மருத்துவர் சொன்னதாக எர்னி எழுதினாள். குழந்தையின் கைகால் சில்லிட்டிருந்ததாம். சந்தில் யாரும் வானொலி போடவில்லை. போன் அடித்தால் நான்கு வீட்டுக் கதவு திறந்தது. இபு லிலிக்குக்கு மட்டும் யாரும் தட்டணு எண்ணிக்கையைச் சொல்லவில்லை. அவர் வாசல் கதவைப் பாதி திறந்து வைத்து உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் பேசிக்கொள்வது காதில் விழட்டும் என்று. அதைப் புரிந்துகொண்ட நான், எர்னியிடமிருந்து செய்தி வரும்போதெல்லாம் ஜன்னலருகே கொஞ்சம் சத்தமாகப் படித்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மூன்றாம் நாள் இருபத்தேழு. அடுத்த நாள் ஐம்பத்தெட்டு. எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

கினந்தி எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்த அன்று பாக் காஸ்னோ இபு லிலிக்கின் வீட்டுக்குப் போனார்.

"என் கிண்ணத்துலயும் மூணு இருந்துச்சு. மறந்துடாதீங்க."

"அது மூணுதான, பாக்."

"மூணோ முந்நூறோ, எதுல பொறந்த கொசு கடிச்சுதுன்னு யாருக்குத் தெரியும்? பழி முழுசையும் நீங்களே சுருட்டிக்கிட்டா எப்படி? எனக்கும் கொஞ்சம் விடுங்க."

அந்த வாரத்தில் இபு லிலிக் சிரித்தது அப்போதுதான். சிரிப்பு என்று சொல்ல முடியாது, மூக்கு வழியாக ஒரு காற்று.

அதற்குப் பிறகு அவர் வரையவில்லை. தூரிகைகள் காய்ந்து குச்சியாகின. சந்தில் ஒரு குழந்தை முதல் அடி எடுத்து வைத்தது. கடைசி வீட்டுப் பையனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. யாரும் எதுவும் ஆக்கவில்லை. 'நல்லது' என்றோம், கதவைச் சாத்திக்கொண்டோம். ஒரு நல்ல செய்தியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எங்களுக்குத் தெரியாமல் போயிருந்தது. எர்னி குழாயடியில் இபு லிலிக்கைப் பார்த்தால் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள்.

நோன்பு மாதம் முடிந்து பெருநாள் வந்தது. தொழுகை முடிந்ததும் சந்து முழுக்க வரிசையாக நின்று, ஒருவர் கையை ஒருவர் பிடித்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த தவறுகளை மன்னிக்கும்படி கேட்க வேண்டும். எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வோம். பாதிப் பேர் சொல்லும்போது அடுத்த வீட்டுப் பலகாரத்தை நினைத்துக்கொண்டிருப்போம். அந்த வருடம் அப்படி இல்லை. எர்னி வரிசையில் நகர்ந்து வந்துகொண்டிருந்தாள். எனக்கு அடுத்து நின்றவர் இபு லிலிக். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

எர்னி என் கையைப் பிடித்து வாக்கியத்தைச் சொன்னாள். ஒரு அடி நகர்ந்தாள். இபு லிலிக் கையை நீட்டினார். எர்னி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் வரிசை நின்றுவிட்டது. சிறு பிள்ளைகள்கூட நெளியவில்லை.

கடைசியில் கையைப் பிடித்தாள். "எல்லார்கிட்டயும் சொன்னதை உங்ககிட்ட சொல்ல வரல, இபு. இன்னும் மனசு வரல. வராததைச் சொன்னா பொய்."

"சொல்ல வேணாம்மா."

"மூக்குல ரத்தம் வந்தப்ப நான் உங்களைத் திட்டின திட்டு, ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

"திட்டணும்தான்."

எர்னி கையை விடவில்லை. விரல் முட்டிகள் வெளுக்கிற அளவுக்குப் பிடித்திருந்தாள். "மத்தியானம் வீட்டுக்கு வாங்க. எல்லாரும் வருவாங்க, நீங்களும் வாங்க. பேச்சு வராது. வந்து சாப்பிடுங்க."

அவர் போனார். நானும் இருந்தேன். பாயில் ஓரமாக உட்கார்ந்தார். அரிசிக் கட்டியும் தேங்காய்ப்பால் கோழியும். எர்னி எல்லோரிடமும் பேசினாள், அவரிடம் மட்டும் பேசவில்லை. கினந்தி வந்து அவர் மடியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஊசி குத்திய இடங்களைப் பெருமையாகக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். எர்னி கரண்டியோடு அந்தப் பக்கம் வந்தாள். வேண்டுமா என்று கேட்கவில்லை. அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

அவர்களுக்குள் சரளமாகப் பேச்சு வர இன்னும் நான்கைந்து மாதம் ஆயிற்று. வறட்சிக் காலத்தில், குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி. இபு லிலிக் இப்போது சுவரில்தான் வரைகிறார். போன செவ்வாய்க்கிழமை சந்து முனை மண்ணில் அவர் விதைத்த வெண்டை பூத்திருந்தது. சின்னப் பானையில் சோறு வைத்து நான்கு பேரைக் கூப்பிட்டார். ஐந்தாவது ஆளாக எர்னி தன் தட்டோடு வந்து உட்கார்ந்து, "வெண்டைக்கு மஞ்சள் சோறு கொஞ்சம் ஓவர்" என்றாள்.