அடுத்தவர் திரையில் தலை வாரியவர்

பதுளை பஜாரில் எனக்கு லேப்டாப் விற்றவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அணைந்து கிடக்கும் திரை யாருடையதானாலும் சரி, அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்வார். வாருவதற்குத் தலையில் முடியும் அதிகம் இல்லை.

வாங்கிய வாரமே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் தட்டிக்கொண்டிருந்தேன். நான் தொடாமலே திரையில் அம்புக்குறி நகர்ந்தது. அப்பாவின் தொழில் என்ற இடத்தில் நான் எழுதியிருந்த 'தோட்டத் தொழிலாளி' அழிந்து, 'வியாபாரம்' என்று விழுந்தது. லேப்டாப்பை மூடிக்கொண்டு பஸ் ஏறி அவர் கடைக்குப் போனேன்.

"யாரோ உள்ள பூந்துட்டாங்க அண்ணே!"

"யாரோ இல்ல தம்பி, நான்தான்," என்றார், சீப்பை ஊதியபடி. "சர்வீசுக்குன்னு நான் விக்கிற எல்லாத்துலயும் இங்கருந்தே தொறக்குற மாதிரி ஒரு சாப்ட்வேர் போட்டு வப்பேன். சும்மா எட்டிப் பாத்தேன். தோட்டம்னு போட்டா ஒங்கள எவன் கூப்பிடுவான்?"

"எங்கப்பா தொழில மாத்த நீங்க யாருங்க?"

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்? ஒரு நன்றிகூட இல்லையே!"

அங்கேயே நின்று அந்த சாப்ட்வேரை நீக்க வைத்தேன். அப்பாவின் தொழிலை மறுபடி நானே எழுதி, அவர் கண்ணெதிரே அனுப்பினேன். திருடனாயிருந்தால் கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பான். இவரோ மனம் புண்பட்டவராக நின்றார்.

அந்தக் கடைச் சுவரில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதில் அவர் முகம் பார்த்து நான் கண்டதே இல்லை.