கிருபாவின் இஸ்திரி மேசை

திருத்தணி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் கிருபாவுக்குத் துணி போட்டவை எட்டு வீடுகள். இஸ்திரி மேசையின் மெத்தை நைந்து, அடியிலிருந்த கம்பி வலை சட்டைகளின் முதுகில் கட்டம் கட்டமாகப் பதிய ஆரம்பித்ததும் ஏழு வீடுகள் நின்றுவிட்டன. மிஞ்சியது எவாஞ்சலின் டீச்சர் வீடுதான். அதுவும் போனால், இடுப்பு பிடித்துக்கொண்ட ஐம்பத்து நாலு வயசுக்காரியை வேறு எந்த வேலைக்குத்தான் கூப்பிடுவார்கள்?

அந்த டீச்சரே மகள் சினேகாவின் கல்யாணப் புடவையைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெள்ளைப் பட்டு. மறுநாள் பத்து மணிக்கு சர்ச்சில் கல்யாணம்.

கிருபா பழைய கம்பளியை நாலாக மடித்து வலைமேல் போட்டாள். மேலே உறை தைக்கப் பருத்தித் துணி வேண்டும். டிரங்குப் பெட்டியில் ஒன்று இருந்தது, செத்துப்போன புருஷன் நேசகுமாரின் வேட்டி. துவைத்து மடித்ததுதான், ஆனாலும் பீடியும் சோப்பும் கலந்த அவன் வாசனை அதில் போகவில்லை என்பது அவள் கட்சி. அதைத் தொட மனசு வரவில்லை.

பக்கத்து வீட்டுத் தறிக்காரி காஞ்சனா சிவப்பு லுங்கித் துண்டு ஒன்று கொடுத்தாள்.

"நாலு தபா அலசிட்டு அப்பால தையிக்கா. தறிலேர்ந்து அப்டியே வந்தது."

"ஆங், சரி."

சரி என்றாளே தவிர அலசவில்லை. துண்டு மேசைக்கு அளவெடுத்தாற்போல இருந்தது. அலசினால் சுருங்கும், கீழே இழுத்துக் கட்டக் கயிற்றுக்கு எட்டாது. அப்படியே தைத்துப் பூட்டினாள். மேசை புதுசாகிவிட்டது. அவளுக்கு ஒரே பெருமை.

காலையில் புடவைமேல் ஈரத்துணி போட்டுத் தேய்த்தாள். ஈரம் கீழே இறங்கியது, லுங்கியின் சிவப்பு மேலே ஏறியது. முந்தானையில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு. கறையை உள்ளே வைத்து மடித்துக்கூடப் பார்த்தாள் பாவி. மறைக்க மனசு ஒப்பாமல் விரித்தபடியே தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினாள்.

டீச்சர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அலமாரியிலிருந்து தன்னுடைய கல்யாணப் புடவையை எடுத்து நீட்டினாள்.

"ஒம்போது மணிக்குள்ள தேச்சிக் குடு. இதுவும் போச்சின்னா இனிமே இந்தப் பக்கம் வராத கிருபா."

வீட்டுக்கு வந்ததும் உறையைப் பிய்த்தெறிந்தாள். வேறு வெள்ளைத் துணி ஒன்றும் கிடையாது. டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

வேட்டியை இழுத்துக் கட்டிப் புடவையை விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். முதல் சூட்டில் பீடி வாசனை குப்பென்று எழுந்தது. அவள் சொன்னது பொய்யில்லை. இரண்டாவது மடிப்பில் மூச்சை இழுத்துப் பார்த்தாள். சுட்ட துணியின் வாசனைதான் வந்தது.

கண்ணீர் புடவையில் விழாமல் முகத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, மீதியையும் தேய்த்தாள்.