அட்டையில் வெட்டப்பட்ட தாளக்காரர்

காரைக்குடியிலிருந்து வரும் ‘மேளச்செட்டு’ மாத இதழுக்கு ஆசிரியர், புகைப்படக்காரர், தபால்தலை ஒட்டுகிற ஆள் எல்லாமே தீபலட்சுமிதான். இசை இதழ் என்றால் சென்னைச் சபாக்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று முதல் வருஷம் முழுக்க நம்பி, ராக ஆராய்ச்சியாகப் போட்டுத் தள்ளினாள். இதழ் விற்காமல் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தது. கல்லல் பக்கம் ஒரு கல்யாணத்தில், நாகஸ்வரக்காரர் ஒருவர் எந்தப் பேப்பரிலோ வந்த தன் படத்தை, தபால்தலை அளவுதான் இருக்கும், சட்டைப்பையிலிருந்து எடுத்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அம்மணிக்குப் புத்தி வந்தது.

அதிலிருந்து மாதம் ஒரு மேளச் செட்டு அட்டையில் வரும். படத்துக்குக் கீழே ஊரும் போன் நம்பரும். உள்ளே முகூர்த்த நாட்கள், நாகஸ்வரத்தில் வைத்து ஊதும் சீவாளி நல்லதாகக் கிடைக்கும் கடை, தவிலுக்குத் தோல் மாற்றும் ஆளின் விலாசம். எழுத்தும் பெரிது, பஸ்ஸில் குலுங்கிக்கொண்டே படிக்கிறவர்கள் ஆயிற்றே. இதழ் பிழைத்துக்கொண்டது.

வைகாசி இதழுக்குக் கண்டரமாணிக்கம் பாண்டிமுருகன் செட்டு. நாகஸ்வரம் பாண்டிமுருகன், இரண்டு பக்கமும் தவில், ஓரத்தில் கைத்தாளம் போடும் பெத்தன்.

“நாலு தலை இருந்தா அட்டை சந்தைக்கடை மாதிரி இருக்குக்கா. ஓரத்து ஆளை வெட்டிருவமா?” என்றான் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டித் தரும் கண்ணன்.

அச்சுக்குப் போகிற அவசரத்தில் அவள் தலையை ஆட்டிவிட்டாள். யாருக்காக இதழ் நடத்துகிறோம் என்று தெரிந்தவள் ஆட்டுகிற தலையா அது? நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

இதழ் வந்த மூன்றாம் நாள் பெத்தனின் மனைவி நாகவல்லி வந்து நின்றாள். உறவுக்காரர்களுக்குக் கொடுக்க முன்கூட்டியே சொல்லி வாங்கிய பிரதிகளை மேசைமேல் வைத்தாள்.

“எங்க வீட்டுக்காரரை எங்குட்டு வச்சிருக்கீக தாயி?”

“எடம் பத்தலக்கா...”

“முப்பது வருசமா தாளம் போடுறவரு. இனி செட்டுக்கே போகமாட்டேன்னு உக்காந்துட்டாரு. ஊரெல்லாம் சொல்லி வச்சுட்டேன், இப்ப நான் யாரு மூஞ்சியில முழிக்க?”

தீபலட்சுமி கூனிக் குறுகிப் போனாள். சிங்கம்புணரித் திருவிழாவுக்குப் பாண்டிமுருகன் வேறு தாளக்காரரைக் கூட்டிப் போனார். “அவரு இல்லாம தவில் ஒரு பக்கம் ஓடுது, நான் ஒரு பக்கம் ஓடுறேன். நீங்கதான் எப்படியாச்சும் பேசணும்” என்று போனில் புலம்பினார்.

கேமராவை எடுத்துக்கொண்டு அவள் பெத்தன் வீட்டுக்கே போனாள்.

“தப்பு என்னுதுண்ணே. ஆனி மாச அட்டையில நீங்க மட்டுந்தான்.”

பெத்தன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தாளக்காரனைப் போட்டா எவன் வாங்குவான்? எனக்காகப் பொழப்பைக் கெடுத்துக்காதீக.”

“அது என் பாடுண்ணே. தாளத்தை எடுங்க.”

நாகவல்லி உள்ளே போய் வெள்ளைச் சட்டையை எடுத்து வந்து நீட்டிவிட்டாள். மனிதர் வேறு வழியில்லாமல் எழுந்தார். படம் எடுத்து முடித்ததும் தாளத்தைப் பழையபடி பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஆனி இதழ் வந்தது. கண்ணன் கட்டுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். எல்லாம் திரும்பி வந்துவிடும் என்றுதான் அவளும் நினைத்தாள். மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை. எல்லா செட்டிலும் ஒரு தாளக்காரர் இருக்கிறார், அவர்களில் ஒருவர்கூட அதுவரை எந்த அட்டையிலும் வந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மனைவிமார் பேசினார்கள், மகள்கள் பேசினார்கள், எல்லோருக்கும் பிரதி வேண்டும்.

வாரக் கடைசியில் பாண்டிமுருகனின் வேன் வாசலில் வந்து நின்றது. பட்டு வேட்டியும் கையில் தாளமுமாகப் பெத்தன் இறங்கினார். அவரை அந்த வேனில் பார்த்ததும் தீபலட்சுமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“கல்யாணத்துக்குப் போறோம் தாயி. அந்தப் பொஸ்தகம் ஒரு பத்து குடுங்க.”

“தீந்துபோச்சுண்ணே. ஆபீஸ் பிரதியைக்கூட வாங்கிட்டுப் போயிட்டாக.”

“ஒண்ணுகூடவா இல்ல?”

“ஒண்ணுகூட இல்லண்ணே.”

பெத்தன் முகம் முழுக்கச் சிரித்தார். வேனைப் பார்த்துத் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: “பாண்டி, ஒண்ணுகூட இல்லையாம்டா!”