பாஸ்வேர்டு கேட்டு அடித்த சாயங்காலம்

அடி வாங்குவது எனக்குப் புதிதில்லை. அம்மாவுக்கு வாயைவிடக் கை முந்தும். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் ஒரு சாயங்காலம் வாங்கிய அடியை நினைத்தால் இன்றும் ரத்தம் கொதிக்கிறது, அம்மா மேல் அல்ல.

அந்த வருடம்தான் பெருமாநல்லூர்ப் பக்கமிருந்த எங்கள் பள்ளிக்கு இன்டர்நெட் வந்தது. கம்ப்யூட்டர் மிஸ் காசில்லாமல் கிடைத்த ஒரு தளத்தில் வகுப்புக்கென்று வலைப்பூ தொடங்கினார். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு. பாடப் புத்தகத்தில் இருப்பதை எழுதாதீர்கள், உங்கள் தெருவை எழுதுங்கள் என்றார். பாஸ்வேர்டைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாது என்று கண்டித்தார். எழுதுவதை உலகமே திறந்து பார்க்கலாம் என்று பெருமையாகச் சொன்னாரே தவிர, அதனால் என்ன வம்பு வரும் என்று அவருக்கும் தெரியவில்லை.

நான் பிசிறு வெட்டுவதைப் பற்றி எழுதினேன். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். சனிக்கிழமைகளில் நானும் போய், தைத்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரித்துக் கொடுப்பேன். அங்கே ஒரு அக்கா கேமரா போனில் என்னைப் படமெடுத்தாள். எந்த வெளிநாட்டுக் கம்பெனியின் ஆர்டர் ஓடுகிறது என்பதுதான் எங்கள் ஊரில் பெருமை. அதனால் கையிலிருந்த குழந்தைச் சட்டையின் கழுத்தைத் திருப்பி, லேபிள் பளிச்சென்று தெரியும்படி பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினேன். அந்தப் படத்தை வலைப்பூவில் ஏற்றி, எழுத்திலும் லேபிளில் இருந்த பெயரைப் போட்டேன். வகுப்பே கீழே பாராட்டி எழுதியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கம்பெனி ஆபீசில் யாரோ அந்த வெளிநாட்டுப் பெயரை இன்டர்நெட்டில் தேடியபோது என் படம் வந்து நின்றிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளை வேலை செய்வது வெளிநாட்டுக்காரனுக்குத் தெரிந்தால் ஆர்டர் மொத்தமும் போய்விடும்.

சாயங்காலம் சூப்பர்வைசர் எங்கள் லைன் வீட்டுக்கு வந்தார். அந்த வீடும் கம்பெனியுடையதுதான். இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, படத்தை அழிக்க வேண்டும், பாஸ்வேர்டு என்ன என்று கேட்டார். நான் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். மிஸ் சொல்லக் கூடாது என்றார் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

"நான் கை வெக்கறது நல்லாருக்காதுங்கக்கா. உங்க புள்ள, நீங்களே கேளுங்க. வேலையும் குடியிருக்கற ஊடும் வேணுமில்லீங்களா?"

முதல் அறையிலேயே காது அடைத்துவிட்டது. அடுத்தது உதட்டில் விழுந்து ரத்தம் வாய்க்குள் உப்புக் கரித்தது. அம்மா தோசைக் கரண்டியை எடுத்து முதுகிலும் முழங்காலிலும் விளாசினாள். தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். பக்கத்து வீடுகளில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்த மனுஷர் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? பிடிவாதம்தான். ஒரே அறையில், பூட்டுப்போட ஒரு டப்பாகூட இல்லாமல் வளர்ந்தவள் நான். எனக்கென்று பூட்டி வைக்கக் கிடைத்தது அது ஒன்றுதான். கொன்றாலும் கொடுப்பதில்லை என்று பல்லைக் கடித்தேன்.

அம்மா கரண்டியை எறிந்தாள். இரண்டு கையாலும் தன் முகத்திலேயே அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். மூக்குத்தி பிய்ந்து ரத்தம் வழிந்தது. அப்போதும் நிறுத்தவில்லை. நான் அலறிக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் அதைப் போனில் ஆபீசுக்குச் சொல்லி, அழித்தாகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் எழுந்தார். "நல்லா படிக்கோணும் கண்ணு" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர் கை பட்ட தலையை அடுப்பில் வைத்துவிடலாம்போல் இருந்தது.

திங்கட்கிழமை அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். படத்தில் இருந்தவளின் நிழல்கூடக் கம்பெனிப் பக்கம் விழக் கூடாதாம். வீட்டையும் அந்த வாரமே காலி செய்யச் சொன்னார்கள். நாங்கள் அனுப்பர்பாளையத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறைக்குப் போனோம். அம்மா பாத்திரப் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அதே திங்கட்கிழமை பள்ளியில், என் உதட்டையும் வலைப்பூவில் என் படம் காணாமல் போனதையும் பார்த்ததும் மிஸ் எதுவும் கேட்காமலே புரிந்துகொண்டார். அன்றைக்கே வலைப்பூவை வகுப்புப் பிள்ளைகள் மட்டும் பார்க்கும்படி மாற்றினார். இனி சொந்தப் பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், கம்பெனிப் பெயர் வேண்டவே வேண்டாம் என்றார். படத்துக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரிலேயே வரையக் கற்றுக்கொடுத்தார். எனக்குப் புதுக் கணக்கு ஒன்றும் தொடங்கிக் கொடுத்தார். நான் ஒரு கத்தரிக்கோலை வரைந்து, அது பேசுவதாக எழுதினேன். எனக்கிருந்த ஆத்திரத்தில் அது கண்டபடி பேசியது.

அன்று சாயங்காலம் அம்மா வீங்கிய மூக்குக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று சொன்னேன். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"புதுசா பாஸ்வேர்டு வச்சிட்டியாடி?"

"வச்சிட்டேன்."

"எங்கிட்ட சொல்லிராத. நான் அடிச்சாலும் சொல்லிராத."