உயிரோடிருப்பவளுக்கு மல்டிப்ளை ஆகாது

பதுளையில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில் கல்யாண அட்டையும் அடிப்போம், மரண அறிவித்தலும் அடிப்போம். குடும்பப் படத்தில் செத்தவரைச் சேர்க்கச் சொன்னால், மேலே மேகத்துக்கு நடுவில் முகத்தை மங்கலாகப் போட்டுவிடுவோம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் அப்படியொரு படம் தொங்கும்.

பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒரு கையில் மகள் வயசுக்கு வந்த சடங்குப் படம். மறுகையில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன மனைவியின் படம். ஏஜென்சிக்காக வெள்ளைச் சுவர் முன்னால் நின்று எடுத்தது.

"இவளையும் பிள்ள பக்கத்துல நிப்பாட்டிக் குடுங்க தங்கச்சி. பஸ்ஸு போயிரும், கொஞ்சம் வெரசா."

வந்ததும் வராததுமாக அவசரம்! எரிச்சலோடு கம்பியூட்டரில் மகள் படத்துக்கு மேல் லேயரில் மனைவியின் படத்தை வைத்து மல்டிப்ளை மோடு போட்டேன். வெட்டாமலே வெள்ளைச் சுவர் மறைந்துவிட்டது. ஆனால் அந்த மோடில் அடியில் இருப்பதெல்லாம் மேலே தெரியும். மகளுக்குப் பின்னால் தொங்கிய திரைச்சீலையின் பூக்கள் தாயின் முகத்துக்குள் தெரிந்தன.

அவர் முகம் செத்துப்போயிற்று.

"செத்தவங்களத்தானே இப்படிப் போடுவீங்க?" என்று கம்பியூட்டரைக் காட்டினார். "மாசக்கணக்கா அவகிட்டேருந்து போன் இல்ல. யாராச்சும் நோட்டீஸ் அடிக்க வந்தாங்களா? எங்கிட்ட மறைக்காதீங்க."

ஐயோ கடவுளே! "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, இது கம்பியூட்டர் செய்ற வேல" என்றேன். அவர் நம்பவில்லை. அவள் எப்படி இருக்கிறாளென்று எனக்கு மட்டும் என்ன தெரியும்?

மோடை நோர்மலுக்கு மாற்றிவிட்டு, ஓரம் ஓரமாக அவளை வெட்டி எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு பூகூடத் தெரியக்கூடாதென்று பிடிவாதம். கடைசியில் மகள் பக்கத்தில் தாய் அழுத்தமாக நின்றாள்.

"இப்பதாங்க ஆளு மாதிரி இருக்கா" என்று படத்தை வாங்கிக்கொண்டு போனார். பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதோடு என் நிம்மதியும் போயிற்று. மரண அறிவித்தலுக்கு யார் பெண்ணின் படம் கொண்டுவந்தாலும் பதறிப்போய் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவரே வந்து நின்றார். கையில் அதே படம். அவளை மேகத்துக்கு நடுவில் போடச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எலும்பும் தோலுமாக ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்னைய எதுக்குங்க இம்புட்டுக் குண்டா ஆக்குனீங்க?" என்று படத்தைக் காட்டிச் சிரித்தாள்.

நான் அவள் உடம்பில் எதையும் மாற்றவில்லை. குவைத்துக்குப் போகும்போது அவள் அப்படித்தான் இருந்தாள்.