தேவையில்லாத கையெழுத்தைப் பார்க்கப் போனது

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரொறன்ரோவில் கோப்பை கழுவத் தொடங்கி, கட்டிடங்களைத் துப்புரவு செய்யும் கொன்ராக்ற் எடுத்து, நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுத்தவன். வங்கிக்காரன் இரண்டு தரம் கையை விரித்தான். மூன்றாம் தரம் அவனே கூப்பிட்டான். மல்வேர்னில் எனக்கு வீடு, றிச்மண்ட் ஹில்லில் மகளுக்கு வீடு. இலங்கையில் விட்டுவந்த எங்கள் ஊரின் பெயரில் இங்கே சங்கத்தைத் தொடங்கியவன் நான். அது உடைந்தபோது ஒட்டவைத்தவனும் நான்தான்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மேடை கட்டுவதா மதில் கட்டுவதா என்ற சண்டையில் உடைந்தது. ஒன்பது வருடமாக ஒரே ஊருக்கு இரண்டு சங்கம். ஒரே சனிக்கிழமையில் இரண்டு ஒன்றுகூடல். ஒரு செத்தவீட்டுக்கு இரண்டு அஞ்சலிப் பிரசுரம். பத்து மாதமாக இரண்டு பகுதியையும் என் வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்ரில் இருத்தி, சோறு போட்டுப் பேசவைத்தேன். வருகிற ஞாயிறு இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது.

அதை எழுதியவர், ஊரில் வாத்தியாராக இருந்த செல்லத்துரை மாஸ்டர். இரண்டு தலைவர்களும் கையெழுத்து வைக்க ஆளுக்கொரு கோடு போட்டிருந்தார். எனக்குக் கோடு இல்லை. "மற்றும் நலன்விரும்பிகள்" என்ற வரிக்குள் என்னைப் போட்டு மூடியிருந்தார்.

"முருகேசண்ணை, நீங்கள் இரண்டு பக்கத்திலையும் பதவியில இல்லை. சட்டப்படி உங்கட கையெழுத்துத் தேவையில்லை" என்றார். நான் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவரே போன் எடுத்தார். "நகர நடுவில, டவுன்ரவுன் நூலகத்தில பழைய சமாதான ஒப்பந்தங்களின்ர பிரதி வைச்சிருக்கினமாம். வாங்கோ, ஒப்பந்தம் எண்டால் என்னெண்டு பாத்திட்டு வருவம்."

செவ்வாய் காலை 9.10. நீல்சன் பஸ். முதியோர் கட்டணம் இரண்டு டொலர் இருபத்தைந்து சதம். நான் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டியிருந்தேன். வேலைக்குப் போகிற தமிழ்ப் பிள்ளை ஒருத்தி எழும்பி இடம் தந்தாள்.

"என்ன அங்கிள், மாப்பிள்ளை மாதிரி வெளிக்கிட்டிருக்கிறியள்?"

"ஒப்பந்தம் பாக்கப் போறம், பிள்ளை."

"ஐயோ, இப்ப வீடு விக்காதேங்கோ. மாக்கெற் சரியில்லை."

மாஸ்டர் கெனடி ஸ்டேஷன் வரும்வரை சிரித்தார். அங்கிருந்து சப்வே, நிலத்தடி ரயில். புளோர்-யங் ஸ்டேஷனில் மாறித் தெற்கே போனோம். கிட்டத்தட்ட முப்பது கிலோமீற்றர் பயணம். 10.40க்கு நூலகத்தின் இரண்டாம் மாடியில் நின்றோம். உள்ளே போகக் கட்டணம் இல்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் முதலாம் உலக யுத்தத்தை முடித்த வெர்சாய் ஒப்பந்தத்தின் பிரதி. மாஸ்டர் வாசித்துச் சொன்னார். பிரித்தானியப் பேரரசு என்று மேலே ஒரு பெயர். அதற்குக் கீழே, வரி தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கனடா.

"பிரித்தானியா முழுப் பேரரசுக்கும் சேத்துத்தான் கையெழுத்து வைச்சது" என்றார் மாஸ்டர். "சட்டப்படி பாத்தால் கனடாவின்ர கையெழுத்து அவசியமேயில்லை."

"பிறகேன் வைச்சவை?"

"கேட்டு வாங்கினவை. அறுபதாயிரத்துக்கு மேல பிள்ளையளைச் சாகக் குடுத்த நாடு, நாங்கள் தனியாக் கையெழுத்து வைப்பம் எண்டு கனடாப் பிரதமர் ஒற்றைக்காலில நிண்டவர்."

"நிலம் கிடைச்சதோ?"

"ஒரு துண்டும் இல்லை, அண்ணை. அவை கேக்கவும் இல்லை. ஐக்கிய நாடுகள் சபைக்கு முதல் இருந்த சர்வதேச சங்கத்தில தனிக் கதிரை கிடைச்சது. மற்றவன்ர எல்லைக்கு நாங்கள் காவல் நிக்கமாட்டம் எண்டு அங்கை இருந்தே சொல்லலாம். முதல் உலகச் சண்டைக்குப் பிரித்தானியா போனவுடன கனடாவும் போனதாத்தான் கணக்கு. ரண்டாம் சண்டைக்கு, ஒரு கிழமை பொறுத்து, தன்ர பாராளுமன்றத்தில பேசி, தானே அறிவிச்சது."

நான் பெட்டியைச் சுற்றி வந்தேன். "எங்கட நாடு எங்கை?"

"இந்தியாவுக்குக் கோடு இருக்கு. இலங்கை கொலனி, அதுக்கு இல்லை."

"அங்கையிருந்து ஆக்கள் சண்டைக்குப் போகேல்லையோ?"

"போனவை."

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெல்லுகிற பக்கத்தில் நின்றாலும், கேட்காதவனுக்குக் கோடு கிடையாது. எனக்கு விளங்க ஐந்தாம் வகுப்புப் போதும்.

"மாஸ்டர், எனக்குப் பாடம் படிப்பிக்கக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். நான் படிச்சிட்டன்: கேட்டால்தான் கோடு."

அவர் முகம் சுருங்கிவிட்டது. திரும்பும்போது கோப்பி வாங்கித் தந்தார். சப்வேயில் இருந்து யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார்: "சாட்சி எண்டு ஒரு கோடு போட்டு விடுறன், அண்ணை. ஒருத்தரும் மறுக்கமாட்டினம்."

"சாட்சி எண்டால் நிண்டு பாத்தவன், மாஸ்டர். நான் செய்தவன்."

"நாளைக்கு எல்லாரும் கோடு கேப்பினம்."

"பத்து மாதம் சோறு போட்டவை கேக்கட்டும். அவைக்கும் போட்டுக் குடுங்கோ."

பிற்பகல் 2.15க்கு மல்வேர்ன் வந்துவிட்டோம். பஸ்ஸால் இறங்கும்போது, "கொமிற்றியோட கதைச்சுச் சொல்லுறன்" என்றார். நீங்கள் வாசிக்கிற இந்த வெள்ளிக்கிழமைப் பத்திரிகை அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை. ஆகவே இரண்டு கொமிற்றிகளும் வாசிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். எனக்குத் தலைவர் பதவி வேண்டாம், மாலையும் வேண்டாம். ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு வருவேன். தாளில் மூன்றாவது கோடு இருக்க வேண்டும். தலைவர்களின் கோடுகள் தொடங்குகிற இடத்திலேயே அதுவும் தொடங்க வேண்டும். கனடாவுக்குச் செய்த மாதிரித் தள்ளிப் போடக்கூடாது. கீழே "இணைத்து வைத்தவர்" என்று அச்சில் இருக்க வேண்டும். என் கையெழுத்துப் பெரிது. இடம் தாராளமாக விடவும்.