பீடத்துக்குப் போன ஒரு போத்தல்

சாடிக்குள் திராட்சை நுரைக்கும்போது எழும் சத்தம், தகரக் கூரையில் தூறல் விழுவதைப் போலவே இருக்கும். வருடத்தில் பாதி நாள் மழையைத் தலைக்குமேல் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, இரண்டையும் பிரித்தறிய ஒரே வழிதான் இருந்தது: மழை மேலிருந்து கேட்கும், வைன் கட்டிலுக்கு அடியிலிருந்து கேட்கும். கூடவே புளிப்பும் கறுவாப்பட்டையும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு வாசனை வரும். எங்கள் பாடசாலைச் சட்டைகளிலும் அது ஏறியிருந்ததால், பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் எங்களை "வைன் வீட்டுப் பிள்ளைங்க" என்றார்கள். நாங்கள் அதைக் கௌரவப் பட்டம் என்று எண்ணிக்கொண்டோம்.

கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவில், தேயிலைக்கு உதவாத கல்நிலத்தில், மரக்கால் நட்டுக் கம்பி இழுத்த பந்தல் ஒன்றும் அதன்மேல் பழைய திராட்சைக் கொடிகள் சிலவும் இருந்தன. திராட்சைத் தோட்டம் என்று சொன்னால் நீங்கள் பெரிதாக எதையாவது கற்பனை செய்துகொள்வீர்கள். நாங்கள் "பந்தல்" என்றே சொன்னோம். அதை நட்டவர் அப்பாவின் தாத்தா. திருச்சிப் பக்கமிருந்து ஈரச் சாக்கில் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்தார் என்பது ஒரு கதை, துரை பங்களாத் தோட்டத்திலிருந்து ஒடித்துவந்தார் என்பது இன்னொரு கதை. உத்தியோகக் காலம் முழுவதையும் அரசாங்கக் காணிக் கந்தோரில் கழித்தவள் நான். ஒரு சொத்துக்கு இரண்டு வரலாறு இருந்தால், பெருமை குறைந்த வரலாறே பெரும்பாலும் உண்மை என்பது என் அனுபவம்.

எப்படி வந்திருந்தாலும் எதற்காக நட்டார் என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. அந்தக் கொடியிலிருந்து வடித்த திராட்சை இரசம் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பீடத்தில் பூசைக்குப் போக வேண்டும் என்று அவர் நேர்ந்திருந்தார். போகவில்லை. அவர் காலத்து வெள்ளைக்காரச் சாமியார் சீமையிலிருந்து வரும் போத்தலையே நம்பினார். அடுத்து, என் தாத்தா காலத்துச் சாமியார் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பதற்கு அலுவலக மொழியில் என்ன பொருள் என்று தாத்தாவுக்குச் சொல்ல அப்போது நான் பிறந்திருக்கவில்லை. ஆகவே சாமிக்கு என்று நட்ட கொடி, மார்கழியில் நத்தார் பண்டிகைக்கு எங்கள் சொந்தக்காரர்களின் தொண்டையை நனைத்துக்கொண்டிருந்தது. மலைக் குளிரில் பழம் முழுதாக இனிக்காது. அந்தக் குறையைச் சீனியும் கறுவாவும் கிராம்பும் ஒரு பிடி கோதுமையும் போட்டு மறைப்பார்கள். வந்தவர்கள் எல்லாரும் அருமை என்பார்கள், யாரும் இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள்.

வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோன காலம் ஒன்று வந்தது. மாவு, சீனி, துணி என்று ஒவ்வொன்றாகக் கடையிலிருந்து காணாமல் போனதில், பூசைக்கான இரசமும் அளந்து கொடுக்கும் பொருளாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் அப்பாவைக் கூப்பிட்டார். மேற்றிராணியாரிடம் அனுமதி பெற்றுவிட்டதாகவும், ஆவணி மாதத் திருவிழாவுக்கு எங்கள் பந்தல் இரசத்தைப் பயன்படுத்தலாம் என்றும் சொன்னவர், முறைகளையும் சொன்னார்: திராட்சைப் பழத்திலிருந்து மட்டும் வடித்ததாக இருக்க வேண்டும், கெட்டுப்போயிருக்கக் கூடாது, வேறு எதுவும் கலக்கக் கூடாது. அப்பா நேராக வீட்டுக்கு வந்தார். வந்து பந்தலுக்குக் கீழே நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு, கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

சீனி போட முடியாதென்றால் நல்ல பழமாக, அதிகமாகக் காய்க்க வேண்டும். அதற்கு அப்பா கண்ட வழி, தேயிலைக்காரர் எவருக்கும் தோன்றக்கூடிய வழிதான். சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலையைக் கத்தியால் மட்டமாக வெட்டிவிடுவதைக் "கவ்வாத்து" என்பார்கள். வெட்டிய செடி மொட்டைக் கட்டையாக நின்று, பிறகு புதிதாகத் துளிர்த்துக் கொழுந்து கொட்டும். கிழட்டுச் செடியையும் அது குமரியாக்கிவிடும் என்பது அப்பாவின் நம்பிக்கை. அதுவரை பந்தலில் காய்ந்த கிளைகளை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தவர், கவ்வாத்துக் கங்காணி மூக்கையாவைக் கூப்பிட்டு, முறையாக வெட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு எங்களைப் பூசைக்கு அழைத்துக்கொண்டு போனார். எந்தச் செடியின் முறை என்று அவரும் சொல்லவில்லை, மூக்கையாவும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது பந்தலில் வானம் தெரிந்தது. கம்பிகள் வெறுமையாக ஓட, கீழே முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாகக் கட்டைகள் நின்றன. வெட்டு ஒவ்வொன்றும் சாய்வாக, வழுவழுவென்று, குறை சொல்ல முடியாதபடி இருந்தது. மூக்கையா கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தேயிலைன்னா இன்னும் கீழ எறக்கி வெட்டியிருப்போங்கையா. சாமிக்குப் போற சாமான்னு சொன்னாங்க, அதான் கொஞ்சம் ஒசத்தியாவே விட்டுட்டோம். மூணு மாசத்துல பாருங்க, கொழுந்து சும்மா கொட்டும்."

சொன்னபடியே கொட்டியது. அவ்வளவு செழிப்பான இலையை அந்தப் பந்தல் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் திராட்சை காய்ப்பது முந்தைய வருடத்துக் கொடியில் வெடிக்கும் துளிரில். அந்தக் கொடி முழுவதும் எங்கள் அடுப்பில் எரிந்துபோயிருந்தது. ஒரு பூங்கொத்துகூட இல்லை. அம்மா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் சோறு போட்டபடியே சொன்னார்:

"இந்த வருசம் இந்த எலையக் கிள்ளித் திராட்சத் தேத்தண்ணி ஊத்திக் கொண்டுபோய்க் குடுங்க. சாமியார் அதுல பூசை வைக்கட்டும்."

சாமியாரிடம் எப்படிச் சொல்வது என்ற கவலையில் அப்பாவின் சாப்பாடு குறைந்துபோனதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

தப்பிப் பிழைத்தது ஒரே கொடி. அது பந்தலைவிட்டு இறங்கி மாட்டுப்பட்டிக் கூரைமேல் ஏறி, சௌசௌ கொடியோடு பின்னிக்கொண்டிருந்ததால், காய்கறிக்கொடி என்று மூக்கையாவின் ஆட்கள் விட்டுவிட்டார்கள். மாசி வெயிலில் அதில் பழம் கறுத்தது. அப்பா ஏணி வைத்துத் தானே பறித்து, தானே பிசைந்து, சிறிய சாடி ஒன்றில் போட்டுத் துணி கட்டினார். சீனி இல்லை, கறுவா இல்லை. வடித்தபோது ஒரு போத்தல் வந்தது. புளித்துக் காடியாகியிருக்குமோ என்று அம்மாவுக்குப் பயம், ஒரு கரண்டி ஊற்றிப் பார்க்கலாம் என்றார்.

"சாமிக்கு வச்சதுல நாம மொதல்ல வாய் வைக்கிறதா?" என்றார் அப்பா.

படைக்கும் பொருளை ருசி பார்க்கக் கூடாது என்பது மலையில் எந்த மதக்காரரும் மீறாத வழக்கம். மாரியம்மன் பொங்கலுக்கு உள்ள விதியே எங்கள் இரசத்துக்கும் வந்து சேர்ந்தது. சாமியார் சொன்ன முறைகளில் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்றும் ஒன்று இருந்தது. ருசி பார்க்காமல் அதை எப்படி உறுதிப்படுத்துவது என்று எந்த முறையிலும் சொல்லப்படவில்லை. அப்பா போத்தலை மெழுகால் அடைத்தார்.

திருவிழாவன்று முன்வரிசையில் முழங்காலில் இருந்தோம். அந்நாளில் இரசக் கிண்ணம் சாமியாருக்கு மட்டும்தான், எங்களுக்கு அப்பம் மட்டும். இரசம் ஆண்டவருடைய இரத்தமாக மாறும் செபத்தைச் சொல்லி அவர் உயர்த்தினார், மணி அடித்தது, பிறகு குடித்தார். குடித்ததும் கண்களை மூடினார், வழக்கத்தைவிட அதிக நேரம் மூடியே இருந்தார். பக்தி என்றார் அப்பா, வீடு திரும்பும் வழியில். புளிப்பு என்றார் அம்மா.

நாங்கள் கோயிலைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே அப்பா, பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சாமியாரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் கூட நின்றேன்.

"எப்படிங்க சாமி இருந்துச்சு?"

சாமியார் உடுப்பை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"பீடத்துல வச்சு செபம் சொன்னதுக்கப்புறம் அது வைன் இல்லையே, சவரிமுத்து. நான் என்னன்னு சொல்றது?"

உத்தியோகத்தில் இருந்த காலத்தில் எத்தனையோ மேலதிகாரிகளின் பதில்களைக் கேட்டிருக்கிறேன். விதிக்குள் நின்றபடி, பொய் சொல்லாமல், ஒருவரையும் நோகடிக்காமல் சொல்லப்பட்ட பதில் அதுபோல் வேறொன்றைக் கேட்டதில்லை. அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. மூன்று தலைமுறை நேர்த்திக்கடன் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக நடந்துவந்தார். அந்தப் போத்தல் தீரும்வரை சாமியார் அதையே பயன்படுத்தினார். பிறகு கப்பல் வந்தது, சீமைப் போத்தலும் வந்தது, எங்களை மறுபடி யாரும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

தோட்டம் கைமாறிக் கைமாறி, பந்தல் இருந்த சரிவு ஒரு மழையில் வழிந்து கீழே போய்விட்டது. அப்பா அம்மா இல்லை. சாமியாரும் இல்லை. கோயில் மட்டும் கூரை மாற்றிக்கொண்டு நிற்கிறது. துரை பங்களா இப்போது ஹோட்டல். அதன் இளம் மனேஜர் போன மாதம் என்னைத் தேடி வந்து, இங்கே பழைய திராட்சைத் தோட்டம் ஒன்று இருந்ததாமே, ஒரு பலகை எழுதி வைக்க வேண்டும் என்றார். எந்தக் கந்தோரில் அனுமதி கேட்க வேண்டும், எந்த இடத்தில் விண்ணப்பம் மாதக்கணக்கில் தூங்கும் என்பதையெல்லாம் சொல்லிக் கொடுத்தேன்.

"வைனோட டேஸ்ட் எப்படி மேடம் இருக்கும்?" என்று கேட்டார்.

நத்தார் வைனைப் பற்றிச் சொன்னேன்: கறுவா, கிராம்பு, நிறையச் சீனி. ஆர்வமாக எழுதிக்கொண்டார். ஒன்றும் கலக்காமல் வடித்தது ஒரே ஒரு போத்தல்தான், அது எப்படி இருந்ததென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, குடித்தவரும் சொல்லவில்லை என்றேன். பேனா நின்றுவிட்டது. சிரித்துவிட்டு, பக்கத்தைத் திருப்பி, அடுத்த கேள்விக்குப் போனார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பலகையில் போட அதில் ஒன்றுமில்லை.